திண்ணைக் கணக்கு

சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25-ஆம் தேதி எழுதிய குறிப்பொன்றில், இந்நாட்டின் நிலங்களை அளந்தும் விளைபொருள்களை ஆராய்ந்தும் ஜனத்தொகையை ஒருவாறு கணித்தும் பார்த்துவிட்ட சர்க்கார், ஜனங்களின் கல்வி எந்த நிலையில் இருக்கிறதென்பதை அறிய ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை என்று குறைபட்டுக்கொண்டு, ஜில்லா தோறும் எத்தனை பள்ளிக்கூடங்கள் உண்டு, அவற்றில் எந்தெந்த வகுப்புப் பிள்ளைகள் பயிலுகிறார்கள், எவ்வளவு காலம் பயிலுகிறார்கள், உபாத்தியாயருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து எழுதும்படி கலெக்டர்களுக்கு உத்தரவு அனுப்பச் செய்தார். விடைகள் வந்து சேர ஏறக்குறைய மூன்றாண்டுகளாயின. அவற்றைத் தொகுத்து 1826 மார்ச்சு 10-ஆம் தேதி அவர் எழுதிய இரண்டாவது குறிப்பில், 1,28,50,941 பேர் வாழ்ந்த ராஜதானியில் 12,498 பாடசாலைகள் இருந்தனவென்றும், ஐந்து முதல் பத்து வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளில் கால் பங்குக்குச் சற்று மேற்பட்டவர்கள், அதாவது 1,84,110 பேர், அவற்றுக்குச் சென்று வந்தார்களென்றும் காண்கிறோம்.

இந்த எண்களை எடுத்தாண்டவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் வேகமாகக் கடந்துபோகிற வரி ஒன்று அந்தக் குறிப்பில் உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தங்கள் வீட்டிலேயே உறவினரிடமோ தனி உபாத்தியாயரிடமோ பாடம் கேட்கும் பிள்ளைகளையும் கணக்கெடுத்து அனுப்பிய கலெக்டர் சென்னை நகரத்துக் கலெக்டர் ஒருவரே. அவர் அனுப்பிய கணக்கின்படி அந்த ஒரு பட்டணத்தில் மட்டும் அப்படிப் படித்தவர்கள் 26,000-க்கும் மேல், பள்ளிக்கூடங்களில் படித்தவர்களைப்போல் ஐந்து மடங்குக்கும் அதிகம். மன்றோவுக்கே இது நம்பக்கூடியதாகப் படவில்லை. ஏதோ பிழை நேர்ந்திருக்க வேண்டுமென்று எழுதினார். ஆயினும் பிள்ளைகள் வீட்டில் கற்பது இந்நாட்டின் எப்பகுதியிலும் அபூர்வமன்று என்பதை உத்தேசித்து, கால் பங்கு என்றிருந்த தம் மதிப்பை மூன்றில் ஒரு பங்காக உயர்த்திக்கொண்டார்.

சென்னைக் கலெக்டரின் எண்ணில் மிகை இருந்திருக்கலாம். அதைவிடக் கவனிக்கத் தக்கது, அந்தக் கலெக்டரின் உத்தியோகஸ்தர்கள் எதைப் பள்ளிக்கூடமென்றும் எதை வீடென்றும் பிரித்தார்கள் என்பதேயாகும். ஒரு மிராசுதாரரின் திண்ணையில் அவருடைய மக்களும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்து, அவர் வைத்துக் காப்பாற்றுகிற உபாத்தியாயரிடம் பாடம் சொன்னால் அது வீட்டுக் கல்வியா, பள்ளிக் கல்வியா? தமிழ்நாட்டில் அக்காலத்துக் குழந்தைக் கல்வி முழுவதும் இந்த இரண்டுங்கெட்ட இடத்திலேதான் நடந்துவந்தது. அதைத் திண்ணைப் பள்ளிக்கூடம் என்று பின்னால் வந்தவர்கள் பெயரிட்டு ஒரு ஸ்தாபனம்போல் பேசினாலும், அதற்கென்று கட்டடமோ பாடத்திட்டமோ பரீட்சையோ கிடையாது. தெருவுக்கும் கூடத்துக்கும் நடுவில் கட்டப்பட்டிருந்த மேடையொன்றும், சில பிள்ளைகளும், ஒரு பெரியவரும் இருந்தால் போதும்.

செல்வர் வீடுகளில் இந்த ஏற்பாடு எப்படி விபரீதமாகவும் நடக்கக்கூடும் என்பதை மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தில் வேடிக்கையாகக் காட்டியிருக்கிறார். பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பாட்டிக்கு மனமில்லை; உபாத்தியாயரே வீட்டுக்கு வருகிறார்; பேரன் மேல் பிரம்பு படக்கூடாதென்பது நிபந்தனையாகையால், அவன் செய்யும் தவறுகளுக்குக் கூடப் படிக்கும் கனகசபை அடி வாங்குகிறான். முன்சீபாக இருந்து உலகத்தைப் பார்த்த ஒருவர் எழுதியதாகையால் இதை முழுக் கற்பனையென்று ஒதுக்க எனக்குத் துணிவில்லை.

சாதாரணக் குடும்பங்களில் நடந்தது வேறு. விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்துப் பரப்பிய அரிசியிலோ நெல்லிலோ முதலெழுத்தை எழுதுவித்துவிட்டால், அடுத்த நாள் முதல் அவனுடைய எழுதுபலகை ஆற்று மணல்தான். மணலைக் கொண்டுவந்து பரப்புவதும் பிள்ளைகளின் வேலையே. எழுத்தைச் சொல்லிக்கொண்டே விரலால் வரைவது, கலைப்பது, மறுபடி வரைவது என்று மாதக்கணக்கில் பழகிய பிறகே ஓலை கையில் கிடைக்கும். ஓலையில் எழுத்தாணி பிடிப்பது சிறுவர் கைக்கு எளிதன்று, ஆகையால் உபாத்தியாயர் எழுதிக் கொடுத்த சுவடியை வாசிக்கும் காலம் ஒன்றும், தானே எழுதத் தொடங்கும் காலம் வேறொன்றுமாக இருந்தன. கீறிய எழுத்துக் கண்ணுக்குத் தெரிவதற்குப் பச்சிலைச் சாறும் கரியும் மஞ்சளும் தடவுவார்கள். இந்தக் கைவேலையெல்லாம் வீட்டுப் பெண்மக்களுக்கும் தெரியும். அரிச்சுவடி முடிந்தால் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, வெற்றிவேற்கை, மூதுரை, நல்வழி. அதற்குமேல் போகிறவனுக்கு நிகண்டும் சதகங்களும்.

அன்றாட நடைமுறையைப் பற்றி 1823 ஆகஸ்டில் பல்லாரிக் கலெக்டர் ஏ.டி. காம்பெல் மன்றோவின் விசாரணைக்கு அனுப்பிய விடை விரிவானது. பல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கும் சீமையாயினும், அவர் கண்ட காட்சிகளில் பல தமிழ்த் திண்ணைகளுக்கும் பொருந்துவன. காலை ஆறு மணிக்கு முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள். இரண்டாவது வருகிறவனுக்குப் புகழுமில்லை, இகழுமில்லை என்பதற்கு அடையாளமாக ஒரு சுழி. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, இப்படிப் பிந்தப் பிந்த அடி ஒவ்வொன்றாக ஏறும். சோம்பேறிகளுக்குக் கையைக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவதும், ஓயாமல் உட்கார்ந்து எழச் செய்வதும் தண்டனைகள். முன்னதைத் தமிழ்ப் பிள்ளைகள் கோதண்டம் என்று சொல்லி நடுங்கினார்கள், பின்னது தோப்புக்கரணம்.

பழைய சோறு தின்பதற்கு ஒரு முறையும் மத்தியான போஜனத்துக்கு ஒரு முறையும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்வருவார்கள். மாலையில் எல்லாரும் ஒருமித்த குரலில் எண்சுவடி சொல்லி முடித்தபின், ஒவ்வொருவனுக்கும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ ஓர் ஊரின் பெயரோ சொல்லியனுப்பி, மறுநாள் விடியற்காலையில் அதைத் திருப்பிக் கேட்கும் வழக்கமும் இருந்தது. அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி ஆகிய திதிகளில் பாடமில்லை. உபாத்தியாயருக்கு நிலையான சம்பளம் என்று பெரும்பாலும் ஒன்றுமில்லை; அறுவடையில் நெல், அவ்வப்போது காய்கறி, எண்ணெய், உவா நாட்களில் பிள்ளைகள் கொண்டுவரும் சில்லறைக் காசு, நவராத்திரியில் அவர்கள் வேஷமிட்டுக் கோலாட்டம் அடித்து வீடு வீடாகப் பாடிச் சேர்க்கும் தொகை ஆகிய இவைகளைக் கொண்டே அவருடைய ஜீவனம் நடந்தது. ஊரார் எப்போது உண்பார்களோ அப்போது அவரும் உண்பார். மழை பொய்த்தால் அவர் அடுப்பும் அணையும்.

காம்பெல் இந்த முறையைப் புகழவும் செய்தார், கண்டிக்கவும் செய்தார். செலவு குறைவு, பெரிய பிள்ளைகள் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை ஏற்பாடு சிறந்தது என்பது புகழ்ச்சி. பேச்சு மொழிக்கு எட்டாத செய்யுள் நடையில் எழுதப்பட்டவற்றைப் பிள்ளைகள் பொருள் தெரியாமல் கிளிபோல் ஒப்பிக்கிறார்கள் என்பது கண்டனம். இந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டென்றே நினைக்கிறேன். ஐந்து வயதுக் குழந்தைக்கு வெற்றிவேற்கையின் பொருளைச் சொல்லித் தந்த உபாத்தியாயர்கள் அதிகம் இருந்ததாகத் தெரியவில்லை.

சட்டாம்பிள்ளை முறையும் மணல் எழுத்தும் கடல் கடந்து போன கதையும் இவ்விடத்தில் சொல்லத் தக்கது. சென்னை எழும்பூரில் 1789-இல் ஏற்பட்ட ராணுவ அனாதை ஆண்பிள்ளைகள் விடுதிக்குத் தலைவராக இருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், ஒரு நாள் குதிரைமேல் போகும்போது நாட்டுப் பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதையே தம் விடுதியிலும் செய்யும்படி ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் மறுத்துவிடவே, ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கீழ் வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். அவன் வென்றான். பெல் சீமைக்குத் திரும்பி 1797-இல் இந்த அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்ட பிறகு, ஏழைப் பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் அது சென்னை முறை என்ற பெயரோடு பரவியது. பெல்லுக்கு வெகுகாலம் முன்பே, 1623-இல், இத்தாலிய யாத்திரிகர் பியத்ரோ தெல்லா வல்லே கன்னட நாட்டு இக்கேரியில் கோயில் முகப்பொன்றில் நான்கு சிறுவர்கள் இராகத்தோடு வாய்பாடு சொல்லி மணலில் எழுதுவதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். வந்தவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் மணலும் சட்டாம்பிள்ளையும்தான். பிள்ளைகள் வாயில் ஒலித்த கணக்கு என்னவென்று விசாரித்தவர்கள் குறைவு.

அந்தக் கணக்கில்தான் இந்தக் கல்வியின் உயிர் இருந்தது. எண்சுவடியின் முன்னே நிற்பது முந்திரி என்னும் பின்னம். ஒன்றில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. இரண்டு முந்திரி அரைக்காணி, நான்கு முந்திரி காணி, பதினாறு முந்திரி ஒரு மா, இருபது முந்திரி ஒரு மாகாணி. மா என்பது இருபதில் ஒன்று. மாகாணி பதினாறில் ஒன்று. வேலியை இருபது மாவாகப் பிரிக்கும் உழவனுக்கு முன்னது வேண்டும். எதையும் பாதி, கால், அரைக்கால் என்று வகிர்ந்துகொண்டே போகும் வியாபாரிக்குப் பின்னது வேண்டும். இரண்டு பிரிவினைகளும் மிச்சமின்றி ஒரே அலகில் அடங்க வேண்டுமானால், அது இரண்டால் ஆறு முறையும் ஐந்தால் ஒரு முறையும் வகுபடுவதாக இருப்பது பெரும் சௌகரியம். முந்நூற்றிருபது அத்தகைய எண். ஆறு வயதுப் பையனுக்கு இந்தக் காரணம் தெரியாது. அவன் பாடினான், அவ்வளவே. பாட்டு வாயில் ஏறிய பிறகு பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து என்று ஒவ்வொன்றாக வரும்: முதலாவது பொன்னுக்கும் காசுக்கும், இரண்டாவது தானிய அளவுக்கு, மூன்றாவது நிலத்தின் பரப்புக்கு.

நெல்லிலக்கத்தில் ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். கலம் நெல்லில் ஒரு மாப் பங்கு எவ்வளவு என்று கேட்டால், நாலு நாழி உரி உழக்கு இரண்டு செவிடு என்று விடை சொல்ல வேண்டும். நாம் காகிதத்தில் போட்டுப் பார்த்தால், கலத்துக்குத் தொண்ணூற்றாறு நாழி, அதில் இருபதில் ஒன்று நான்கு நாழியும் ஐந்தில் நான்கு நாழியும், அந்த மிச்சம் முப்பத்திரண்டு செவிடு என்று பல படிகள் ஏற வேண்டியிருக்கிறது. திண்ணையில் படித்தவன் அதை நாவின் நுனியில் வைத்திருந்தான்.

இதை எந்தக் காரியத்துக்காக மனனம் செய்தார்கள் என்பது வெளிப்படை. களத்தில் போரடித்து நெல்லைக் குவித்தவுடன் குடிவாரம், மேல்வாரம், கோயிலுக்கு, வெட்டியானுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, நாவிதனுக்கு, இந்த உபாத்தியாயருக்குங்கூட என்று அதைப் பங்கிட்டு அளக்கும்போது, பங்குகள் எல்லாம் இத்தகைய பின்னங்களிலேயே வழங்கின. பாட்டனார் களத்தில் அளப்பதைத் திண்ணையில் கற்ற வாய்பாட்டோடு பொருத்திப் பார்க்கும் சந்தர்ப்பம் பையனுக்கு ஆண்டுதோறும் தையிலும் மாசியிலும் கிடைத்தது. பிழை செய்தால் குறைவது வீட்டு நெல்லாகையால், அவனைச் சோதிக்க வேறொரு பரீட்சாதிகாரி தேவைப்படவில்லை. குடும்பத்துக்கு நாளைக்கு வேண்டியதை இன்றைக்குக் கற்பித்த வரையில் இந்தக் கல்வி எந்த ராஜ்யம் மாறியும் அசையாமல் நின்றது என்பதே என் அபிப்பிராயம்.

கணக்கோடு நில்லாமல் இலக்கியத்துக்குப் போகிறவர்களின் வழியும் வீட்டின் வழியே சென்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு முதல் ஆசிரியர் அவருடைய தந்தை சிதம்பரம் பிள்ளை. இராமலிங்க அடிகளுக்குத் தமையனார் சபாபதி பிள்ளை. உ.வே. சாமிநாதையரின் இளமைப் பருவத்தை அவரே என் சரித்திரத்தில் விஸ்தாரமாக எழுதியிருக்கிறார். திண்ணையில் தொடங்கிய அவருடைய படிப்புக்கு ஓரிடத்தில் ஆசிரியர் கிடைக்காதபோது, சங்கீத வித்துவானாகிய தந்தை வேங்கடசுப்பையர் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று தமிழ் சொல்லித் தருவோர் இருந்த ஊர்களுக்கெல்லாம் போய்க் குடியிருந்தார். கதாகாலட்சேபம் செய்து பெற்ற வருமானத்தில் இப்படி ஒரு பிள்ளையின் படிப்புக்காக வீட்டையே ஊர் ஊராகத் தூக்கிச் சென்ற அந்தத் தகப்பனாரை, மகனின் பெருமைக்கு நடுவில் நாம் சற்று மறந்துவிடுகிறோம்.

இவ்வளவு சொன்னபிறகு, திண்ணை இல்லாதவர்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. 1931 அக்டோபரில் லண்டனில் பேசிய காந்தியடிகள், ஐம்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட இந்தியாவில் இப்போது எழுத்தறிவு குறைந்துவிட்டதென்று சொல்லி ஸர் பிலிப் ஹார்டாக்குடன் ஒரு நெடிய விவாதத்துக்கு இடம் கொடுத்தார்; மன்றோவின் காலத்துக் கணக்குகளைத் தரம்பால் 1983-இல் தொகுத்து வெளியிட்டபோது, தமிழ் ஜில்லாக்களின் பள்ளிகளில் பிராமணரல்லாத சூத்திர வகுப்பார் பெரும்பான்மையினர் என்பது பலருக்கு ஆச்சரியத்தை விளைத்தது. அது உண்மையே. ஆயினும் சேரியிலிருந்து வரும் குழந்தை மிராசுதாரர் திண்ணையில் ஏறி உட்கார முடியாதென்பதும் உண்மை. வீட்டின் அங்கமாக இருந்த பள்ளி வீட்டின் தீண்டாமையையும் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தது. பெண் குழந்தைகள் அந்தக் கணக்குகளில் மிகச் சொற்பம். உள்ளே கூடத்தில் தாயாரும் பாட்டியும் சொல்லக் கேட்டு அவர்கள் பாடமாக்கிய திருப்பாவையையும் அல்லி கதையையும் எந்தக் கலெக்டரும் எண்ணவில்லை.

சேரியிலும் வீட்டுக் கல்வி இருந்தது. வைத்தியமும் சோதிடமும் தமிழும் தலைமுறை தலைமுறையாகச் சுவடிகளோடு வந்த குடும்பங்கள் அங்கே உண்டு. அத்தகைய குடும்பமொன்றில் பிறந்த அயோத்திதாச பண்டிதர், தம் பாட்டனார் கந்தப்பன் என்பவர், தாம் ஊழியம் செய்த ஆரிங்டன் துரையின் மூலமாகத் திருக்குறள் ஏட்டுப் பிரதியைத் தமிழாராய்ந்த எல்லிஸ் துரைக்குச் சேர்ப்பித்ததாக எழுதியிருக்கிறார். ஏடு இருந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவரும் இருந்திருப்பார். அப்படியிருந்தும் அந்தச் சமூகத்தின் குழந்தைகள் பெருவாரியாக எழுத்தறிவதற்குக் கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாற்றில் தொடங்கிய இலவசப் பள்ளி போன்றவையும் மிஷன் பள்ளிகளும் தேவைப்பட்டன. திண்ணையின் மறைவை நினைத்து வருந்துகிறவர்கள் இதை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

அது மறைந்ததற்கு, ஆங்கிலக் கல்வியை வற்புறுத்திய மெக்காலே துரையின் 1835-ஆம் ஆண்டுக் குறிப்பைக் காரணமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தக் குறிப்பினால் எந்தக் கிராமத்துத் திண்ணையிலும் ஒரு பிள்ளைகூட எழுந்து போயிருக்கமாட்டான். அதே 1835-இல் கம்பெனி சர்க்கார் இந்தியா முழுவதற்கும் ஒரே நாணயச் சட்டம் செய்ததை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். சென்னை ராஜதானியில் 1818 முதலே வராகனுக்குப் பதில் ரூபாய் தலையெடுத்துவிட்டது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதில் பழைய வாய்பாட்டுக்குக் கஷ்டமில்லை. ஓர் அணா ஒரு மாகாணி ரூபாய். ஆனால் அணாவுக்குப் பன்னிரண்டு பை என்று வந்தபோது ரூபாய் நூற்றுத் தொண்ணூற்றிரண்டாக உடைந்தது. மூன்றால் வகுபடும் அந்த எண் ஐந்தால் வகுபடும் முந்நூற்றிருபதோடு எப்படியும் ஒட்டாது. பிறகு ரயத்துவாரி நிலவரியில் ஏக்கரும் சென்டும் வந்தன. வரியைக் கலநெல்லாக வாங்காமல் காசாக வாங்கும் வழக்கம் நிலைத்தது. கர்ணத்தின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பாஷையும் களத்தில் ஒரு பாஷையுமாக இரண்டு தலைமுறைகள் கழிந்தன. கச்சேரியில் குமாஸ்தா உத்தியோகத்துக்கு நெல்லிலக்கம் வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்ட தகப்பனார், மகனைப் பக்கத்து ஊர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

1854-இல் வந்த வுட் துரையின் கல்வி நிருபமும், அதை அனுசரித்து 1860-களில் ஏற்பட்ட, தேறுகிற பிள்ளைக்கு இவ்வளவு என்று உபாத்தியாயருக்கு மானியம் தரும் முறையும் திண்ணையை மூடிவிடவில்லை. அதன் எஜமானரை மாற்றின. ஊரார் தந்த நெல்லை நம்பியிருந்த உபாத்தியாயர் இன்ஸ்பெக்டர் தரும் ரூபாயை எதிர்பார்க்கலானார். இன்ஸ்பெக்டர் எதைக் கேட்பாரோ அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வருகைப் பதிவும் அச்சிட்ட வாசக புத்தகமும் கற்பலகையும் வந்தன. 1920-ஆம் ஆண்டின் சென்னை ஆரம்பக் கல்விச் சட்டத்துக்குப் பின் பல திண்ணைகள் ஸ்தல ஸ்தாபனப் பள்ளிகளாகவும் மானியப் பள்ளிகளாகவும் உருமாறின. வாய்பாட்டில் மிச்சமிருந்த மாகாணிக்கும் மற்றப் பின்னங்களுக்கும் 1957 ஏப்ரல் முதல் தேதி வந்த நயா பைசாவும், அதைத் தொடர்ந்து வந்த கிலோவும் லிட்டரும் விடை கொடுத்தன.

குழந்தைகளை வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் பெற்றோர் இன்று சென்னை, கோவை போன்ற நகரங்களில் மறுபடியும் தோன்றியிருக்கிறார்கள். ஆறு முதல் பதினான்கு வயதுவரை பிள்ளையை அண்மைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் பத்தாம் பிரிவு சொல்கிறது. சேர்க்காதவருக்குத் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. ஆகவே அந்தத் தாயார்கள் காலையில் அடுப்பு வேலை முடிந்ததும் கூடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு, கடையில் வாங்கிய பாடநூலையும் வெளியூரிலிருந்து தருவித்த பாடத்திட்டத்தையும் விரிக்கிறார்கள். தோசைக்கு அரைக்கும் அரிசியும் உளுந்தும் கணக்குக்கு உதாரணமாக வருவதுண்டு. கணக்கின் முடிவு அதில் இல்லை. பிள்ளைக்குப் பதினான்கு வயது நிரம்பியதும், 1989-இல் மத்திய சர்க்கார் நிறுவிய தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனத்தில் பெயரைப் பதிந்து, பத்தாம் வகுப்புக்குச் சமமான பரீட்சைக்குக் கட்டணம் செலுத்தி, ஏதோ ஒரு பள்ளிக்கூடத்து அறையில் முன்பின் அறியாத மேற்பார்வையாளர் ஒருவர் முன்னிலையில் அவனை எழுத வைத்துச் சான்றிதழ் வாங்குகிறார்கள்.